ட்ரம்முக்குத் தைத்த பாவாடை

புயல் காற்றில் கடையின் கூரை பிய்ந்து உப்பளத்துப் பக்கம் பறந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. கூரையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். பேரூராட்சி ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாதும்மா" என்று சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

மரக்காணத்தில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி உப்பளத்துக்குத் திரும்புகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் சாப்பாட்டுக் கடை. விடிகிற நேரத்தில் உப்பு வாரப் போகிற ஆட்களுக்கு இட்லி. மதியம் உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரர்களுக்கு மீன்குழம்பும் சோறும். அடுப்பு என்னுடையது. வாசலும் வாயும் என் மருமகளுடையது. சிரித்துப் பேசுவதும், அதட்டுவதும், குழம்பு தீர்ந்துவிட்டது என்று கோபிக்கிறவர்களைச் சமாதானம் செய்வதும் அவள்தான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். அஞ்சாவதோடு படிப்பு நின்றதில் எனக்கு அந்த ஒரு நிம்மதி இருந்தது.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். கோபமாகப் பேசவில்லை. கடைக்குப் பின்னால் சிமெண்டு சாக்கில் மீன் குடலும் செவுளும், எண்ணெய் டின்னில் எச்சில் இலையும், சுற்றிலும் பால் கவரும் பார்சல் பேப்பருமாகக் கிடந்ததைப் பார்த்தார். முதல் நாள்தான் ஒரு நாய் அந்தச் சாக்கைக் கிழித்து, ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வாசற்படியில் வைத்துச் சாவகாசமாகத் தின்றிருந்தது. அந்தம்மா ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டது. அது நியாயம்தான். என் வாசலில் கிடந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மீன் குடல், எலை, மீந்த சோறு இதெல்லாம் ஒரு ட்ரம்மு. கவரு, பேப்பரு, பாட்டிலு எல்லாம் இன்னொரு ட்ரம்மு. ரெண்டுக்கும் மூடி இருக்கணும். காலையில நம்ம வண்டி வந்து எடுத்துக்கும். திங்கக்கெழம வந்து பாப்பேன். அதுக்குள்ள வெச்சிடுங்க. இல்லேன்னா கடையை மூட வேண்டியதாயிடும். என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்றார் மருமகளிடம்.

அடுப்பு மறைவில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடை போனால் எங்கள் வீட்டில் வேறு வரும்படி கிடையாது. என் மகன் போய்ச் சேர்ந்த பிறகு நானும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் பிழைத்துக் கிடந்தோம்.

முதலில் ட்ரம்மைச் சும்மாவே தருவதாக ஓர் ஆள் சொன்னார். உப்பளத்து மோட்டார் ஷெட்டில் வேலை செய்கிறவர், தினமும் எங்களிடம் இட்லி சாப்பிடுகிறவர். "எங்க ஷெட்டாண்ட டீசல் பேரல் ஒண்ணு சும்மா நிக்குது, எடுத்துக்கங்க" என்றார். போய்ப் பார்த்தோம். பேரல் கம்பீரமாகத்தான் நின்றது. மருமகள் அதன் அடியில் காலால் லேசாக ஓர் உதை விட்டாள். சரசரவென்று துருவாகக் கொட்டி, அந்தப் பக்கத்து வரப்பு தெரிந்தது.

"இதுல மீன் குடலைப் போட்டா, போட்ட கையோட அது ரோட்டுக்கு வந்து நிக்கும்" என்றாள் மருமகள்.

எங்கள் ஊரில் இரும்பு நிலைக்காது. கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் காற்றே தின்றுவிடும். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைக் கட்டிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடியில் இறங்கினோம். அங்கே பழைய ட்ரம் விற்கிற ஒரு பாய் இருக்கிறார் என்று மருமகள் விசாரித்து வைத்திருந்தாள்.

அந்தக் கடையில் ட்ரம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டு உயரத்துக்கு நின்றன. கறுப்பு, வெள்ளை, நீலம். மருமகள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒவ்வொரு ட்ரம்முக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தாள். உள்ளேயிருந்தபடியே பேசியதால் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, ட்ரம்மு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"பொண்ணுன்னா வாய் சின்னதா இருந்தாத் தேவல. எங்களுக்கு வாய் பெருசா இருக்கணும் பாய். எலையெல்லாம் போடணும்" என்றாள் மருமகள் உள்ளேயிருந்து.

"அப்ப உங்க மாதிரின்னு சொல்லுங்க."

மருமகள் தலையை வெளியே எடுத்து முறைத்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாயும் சிரித்தார். அதன் பிறகு எழுந்து வந்து அவரே எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

மேலே தம்ளர் அளவு ஓட்டை மட்டும் இருக்கிற ட்ரம்கள் நிறைய இருந்தன. அவை எண்ணெய்க்கும் மருந்துக்கும் ஆகும், எங்களுக்கு ஆகாது. வாய் அகலமாக இருந்தவற்றில் பாதிக்கு மூடியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டிருந்தது. "கிரீஸ் தடவி வெச்சா ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் பாய். "எங்க ஊர் காத்து கிரீஸையும் சேத்துத் தின்னும் பாய்" என்றாள் இவள். திருகி மூடுகிற பிளாஸ்டிக் மூடியாகவே பார்த்தோம். பெரிய ட்ரம் ஒன்றை அவர் இழுத்துப் போட்டார். என் நெஞ்சு உயரம் இருந்தது. அதில் குடலும் குழம்புத் தண்ணீருமாக ரொம்பிவிட்டால் வண்டி வருகிற இடத்துக்கு யார் தூக்கிப் போவது? நான் மருமகளின் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையாட்டினேன். இடுப்பு உயரத்தில் ஒன்றைச் சாய்த்து, அதன் விளிம்பிலேயே உருட்டிப் பார்த்தேன். என் பலத்துக்கு வந்தது. அதே மாதிரி இரண்டு. இரண்டும் நீலம். வேறு நிறத்தில் அந்த அளவு இல்லை. இருந்திருந்தாலும் நிறத்தை நாங்கள் யோசித்திருக்க மாட்டோம்.

"இதுல முன்ன என்ன இருந்துச்சுன்னு கேளு" என்று மருமகளின் காதில் சொன்னேன்.

அவள் சத்தமாகக் கேட்டாள். "சாப்பாட்டுச் சாமான்தாம்மா. நல்லா அலசி வெச்சிருக்குது" என்றார் பாய்.

வெளியே வந்ததும் மருமகள், "எல்லா ட்ரம்முக்கும் அதையேதான் சொல்லுவாரு அத்தை. எதா இருந்தா என்னா, நாம குடிக்கவா போறோம்?" என்றாள். அவளுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. கடைசியில் எதை மோந்தாலும் பினாயில் வாசனைதான் வருகிறது என்றாள். ஆட்டோவில் ஏற்ற வெளியே எடுத்து வைத்திருந்த ட்ரம்முக்குள் நான் குனிந்து பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, உப்புப் படிவு மாதிரி. உப்பைப் பார்த்து எங்கள் ஊரில் யார் யோசிப்பார்கள்? எங்கள் வீட்டு ஜன்னலிலும் அப்படித்தான் படியும். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் ட்ரம்கள் வந்து இறங்கின. ஆட்டோவுக்கு வழி சொல்ல என் போனிலிருந்துதான் பாயிடம் பேசினாள் மருமகள். அன்று இரண்டு பேருக்கும் மனசு லேசாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை விடிவதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. பெருமுக்கலில் இருக்கிற அவள் தங்கைக்கு வலி எடுத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தாயில்லாத பெண், இவள் போகாமல் முடியாது.

"நான் இல்லாம ஆபீசர் வந்துட்டா பயப்படாதீங்க அத்தை. ரெண்டே வார்த்த. இது ஈரக் குப்ப, இது காஞ்ச குப்ப. கையைக் காட்டி சொல்லிட்டா முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் ட்ரம் இரண்டையும் கடையின் ஓரமாக ரோட்டுப் பக்கம் வைத்து, வெயில் படட்டும் என்று மூடியைக் கழற்றிவிட்டேன். இட்லிக் கூட்டம் ஓய்ந்ததும் குப்பையைப் போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். அடுப்படியில் நின்றபடி அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இட்லித் தட்டிடம் சொன்னால் நன்றாகத்தான் வந்தது.

எங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீர் கரிக்கும். பாத்திரம் கழுவலாம், குளிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். வாசலில் நீல ட்ரம் வாயைத் திறந்துகொண்டு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம், இதில் தண்ணீர் ஊற்று. லாரிக்காரர் யாரையும் கேட்க மாட்டார். நாங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் ரொப்பிவிட்டுப் போவார். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள் இல்லை. ஆனால் மறுநாள் அவருக்கு வேறு எங்கோ கல்யாண வேலையாம், அதனால் ஒரு நாள் முன்னாலேயே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆரன் சத்தம் எனக்கும் கேட்டது. உப்பு லாரி என்று நினைத்தேன்.

மீன் குடல் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது எங்கள் தண்ணீர் ட்ரம்களோடு சேர்த்து, குப்பைக்கு வாங்கின இரண்டும் தளதளவென்று ரொம்பி நின்றன. லாரியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆயா, புது ட்ரம்மா? ரொப்பிட்டேன் ஆயா!" என்று கத்தினார்.

"அது குப்பைக்குப்பா" என்றேன்.

"என்னா, குடிக்கவா? தாராளமா குடி ஆயா, நல்ல தண்ணி!"

"குப்பைக்கு... குப்பை..."

"குடி, குடி!"

மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். நல்ல தண்ணீரை ரோட்டில் கவிழ்க்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. கவிழ்க்காவிட்டால் ஆபீசர் வரும்போது என் ட்ரம்மில் குப்பை இருக்காது, தண்ணீர் இருக்கும். கடை போய்விடும் என்றே நினைத்தேன்.

அதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா இடுப்பில் குடத்தோடு வந்துவிட்டது. அந்தம்மா வீடு லாரிக்குக் கடைசி வீடு. என் ட்ரம் இரண்டும் கூடுதலாகக் குடித்ததில் அந்த வீட்டுக்கு வருவதற்குள் லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கழுத்தில் அளவு டேப்பு தொங்கியது.

"நாலு ட்ரம்மு உங்களுக்கு, ஒரு கொடம் கூட இல்ல எனக்கு. இதான் நாயமா யக்கா?"

"அதுல எடுக்காத" என்றேன்.

"ஏன்? தண்ணிக்குக் கூடவா இல்லேம்பாங்க? மீன் தலைய மட்டும் என் வாசலுக்கு அனுப்புவீங்க!"

குப்பை ட்ரம்மில் குடத்தை விட்டு மொண்டது. வெயிலில் வந்த களைப்போ, கோபமோ, குடத்தைத் தூக்கி அப்படியே ஒரு வாய் குடித்தது. நான் கையை நீட்டினேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

பாதி உள்ளே போய்விட்டது. மீதியைத் துப்பியது. முகம் சுருங்கியது. நேரே லாரியைப் பார்த்துத் திரும்பியது.

"யோவ்! எங்கய்யா புடிச்ச இந்தத் தண்ணிய? உப்பு கரிக்குது!"

தெருவில் அங்கங்கே குடத்தோடு நின்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். யாரும் தங்கள் குடத்துத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. உப்பு என்று ஒருத்தர் சொன்னால் எங்கள் ஊரில் உடனே நம்பிவிடுவார்கள். "உப்பளத்து வாய்க்கால்ல குழாய உட்டுட்டு வந்திருக்கான்" என்றது ஒரு குரல். "அவ்ளோ தூரம் எதுக்கு, கடல்லயே மொண்டிருப்பான்" என்றது இன்னொன்று.

லாரிக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கினார். பாவம், அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், தோட்டத்து போர் தண்ணி. நானும் இதையேதான் குடிக்கிறேன்" என்று குழாயில் மிச்சமிருந்ததை வாயில் கவிழ்த்துக் காட்டினார். குடித்துவிட்டு, "சக்கரையா இருக்குது!" என்றார். அடுத்து என் ட்ரம்மில் கையை விட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஆயா, இந்த ட்ரம்முல முன்ன என்னா இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் ஆபீசரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். நேற்று வாங்கின பழைய ட்ரம், குப்பைக்கு என்று வாங்கினது, தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், இந்தம்மா குடித்துவிட்டது என்பது வரைக்கும் எப்படியோ சேர்ந்தது. தையல்காரம்மா என் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "கெமிக்கல் ட்ரம்மா யக்கா?" என்று மட்டும் என்னைக் கேட்டது. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

ஆபீசர் என் முன்னால் வந்து நின்றார். "அம்மா, இதுல என்ன இருந்துச்சுன்னு உடனே தெரியணும். தெரியலேன்னா இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். கடையும் தெறந்திருக்க முடியாது. வித்தவங்க நம்பர் இருக்குதா?"

இருந்தது. நேற்று மருமகள் பேசினது என் போனில்தான். மேலேயே இருந்த நம்பரை அழுத்தினேன். முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் போன் பண்ணிப் பேசினது என் வாழ்க்கையில் அதுதான் முதல். பாய் எடுத்தார். அவர் பக்கத்தில் யாரோ ட்ரம்மை உருட்டுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது.

"நேத்து வந்தமே..." என்றேன்.

"யாரு? கேக்கல! சத்தமா பேசுங்க!"

"மரக்காணம்... ட்ரம்மு..."

"ஒண்ணும் கேக்கலம்மா! வெச்சிடட்டா?"

வைத்துவிட்டால் போச்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ, ஒரு கத்து கத்தினேன்.

"வெக்காதீங்க பாய்! நேத்து எங்களுக்குக் குடுத்த ரெண்டு நீல ட்ரம்முல முன்ன என்னா இருந்துச்சு, சொல்லுங்க!"

ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். என் காதே கொய்யென்றது. லாரிக்காரர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். ஆபீசர் போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அதுவா? எலுமிச்சங்கா!" என்றார் பாய். "உப்புல ஊறப் போட்ட எலுமிச்சங்கா. ஊறுகாய் போடற எடத்துலேர்ந்து வாங்கனது. ஏன், அடியில உப்புக் கட்டி இருக்குதா? கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தி ஒடைச்சுடுங்க. அதான் சாப்பாட்டுச் சாமான்னு நேத்தே சொன்னேனேம்மா!"

ஆபீசர் போனை வாங்கி, வேறு எதுவும் அதில் ஊற்றி வைத்ததில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். இல்லவே இல்லை, அங்கிருந்து வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது என்று பாய் அடித்துச் சொன்னார். ஆபீசர் ஓரமாகக் கிடந்த மூடியை எடுத்து உள்பக்கம் மோந்து பார்த்தார். பிறகு தையல்காரம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா மோந்தது. "அதான் லேசா புளிச்சுது!" என்றது. சொல்லிவிட்டு, அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் போட்டது. நானும் அந்தம்மாவின் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டிருந்தா ஜூஸு. பஸ் ஸ்டாண்டுல நின்னு குடிக்கிறதுதானே?" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

"சிரிக்காதீங்க" என்றார் லாரிக்காரர். "யக்கா, என் தண்ணிய உப்புத் தண்ணின்னு சொன்னியே. இப்ப என்னா சொல்ற?"

"சக்கரையா இருந்துச்சுன்னு சொல்றேன், போதுமா? போயி இன்னொரு நடை எடுத்துக்கினு வா. எனக்கு இன்னும் ஒரு கொடம் கூட ரொம்பல" என்றது தையல்காரம்மா.

ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. ட்ரம் இரண்டையும் சுற்றி வந்தார். "இப்ப எலுமிச்சங்காயாப் போச்சு. நாளைக்கு இதுல நீங்க மீன் குடலைப் போட்டு, அலசி, வாயத் தெறந்து காய வெச்சா, மறுபடி யாராவது தண்ணி ஊத்துவாங்க. இந்தத் தெருவுல நீல ட்ரம்மைக் குப்பைக்கு எப்பிடி வெக்க முடியும்? இதுக்கு நான் எப்பிடி சரின்னு சொல்றது?"

இன்னும் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. வேறு ட்ரம்முக்குப் பெரிய முதலியார்சாவடிக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் அந்த அளவில் நீலம்தான் இருக்கிறது.

"பெயிண்டு அடிச்சா?" என்றார் லாரிக்காரர்.

"பிளாஸ்டிக்குல நிக்காது. செதில் செதிலா வந்துடும்" என்றார் ஆபீசர்.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ட்ரம்மின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். குனிந்து உயரம் பார்த்தாள். "சார், உப்புச் சாக்குல உறை தெச்சிட்றேன். மேல அகலமா செவப்புத் துணி வெச்சித் தெச்சா தூரத்துலேர்ந்தே தெரியும். நீலமே வெளிய தெரியாது. கழட்டித் தொவச்சிக்கலாம்" என்றாள்.

"ட்ரம்முக்குப் பாவாடையா?" என்றார் லாரிக்காரர்.

"ஆமாய்யா. நீ கண்ணத் தொறந்து பாத்துட்டு ஊத்தியிருந்தா எனக்கு இந்த வேல வந்திருக்குமா?"

ஆபீசர் வாட்சைப் பார்த்தார். "சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். உறை போட்டு, குப்பையைப் பிரிச்சுப் போட்டு, மூடியும் போட்டிருந்தா கடையைத் தொறந்து வெச்சுக்கலாம். இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. ஒரு தடவை கத்தியாகிவிட்டது, இனிமேல் என்ன? "மீன் கழுவலாமுங்களா? உப்பும் எலுமிச்சையும் போட்டுத்தான் நாங்க எப்பவும் கழுவறது" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். "கழுவுங்க. கடைசியா நல்ல தண்ணியில அலசிடுங்க."

அந்தத் தண்ணீரை நாங்கள் ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை. தெருவில் அன்றைக்கு மீன் வாங்கின வீடுகள் எல்லாம் வாளி கொண்டுவந்து எடுத்துப் போயின. மிச்சத்தில் நான் கடை பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவினேன், கவிச்சி வாசனை போயே போய்விட்டது. காலியான ட்ரம்களுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி அடியிலிருந்த உப்புக் கட்டியை உடைத்தேன். எதிர்வீட்டில் தையல் மிஷின் விடாமல் ஓடியது. நான் மீன்குழம்பும் சோறும் ஒரு தூக்கில் எடுத்துப் போய்க் கொடுத்தேன். முதல் தடவையாக அந்த வீட்டு வாசற்படி ஏறினேன். தூக்கை வாங்கிக்கொண்டு அவளே பேசினாள்.

"என் வயசுக்கு எத்தினியோ பேருக்கு அளவெடுத்துட்டேன் யக்கா. அளவு குடுக்கும்போது வயித்த உள்ள இழுத்துக்காத ஆளு உன் ட்ரம்மு ஒண்ணுதான்."

சாயங்காலம் உறைகளைக் கொண்டுவந்து அவளே மாட்டினாள். வெள்ளைச் சாக்கு, இடுப்பில் அகலமாகச் சிவப்புப் பட்டை, மேலே பாவாடைக்கு வைக்கிற மாதிரி நாடா. "நாடா வெச்சிருக்கேன். ட்ரம்மு எளைச்சாலும் இறுக்கிக்கலாம்" என்றாள். ஒன்றில் குடலும் இலையும், இன்னொன்றில் கவரும் பேப்பரும் போட்டு மூடியைத் திருகினேன்.

ஆபீசர் வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்தார். பிறகு இறங்கி வந்து மூடியைத் திறந்தும் பார்த்தார். நான் அடுப்பு மறைவுக்குப் போகவில்லை. "இது ஈரக் குப்பைங்க. இது காஞ்ச குப்பைங்க" என்று கையைக் காட்டிச் சொன்னேன்.

"சரிம்மா. கடையை நடத்துங்க" என்றார்.

அவர் போனதும் மருமகளின் போன் வந்தது. அவள் தங்கைக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்களாம். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சட்டென்று குரலை இறக்கி, "ஆபீசர் வந்தாரா அத்தை?" என்றாள்.

"வந்தாரு. நடத்தச் சொல்லிட்டாரு."

"நீங்க பேசுனீங்களா?"

"பேசனேன். தெருவுக்கே கேட்டுச்சு. நீ வந்ததும் எதிர்வீட்டுல சொல்லுவாங்க, கேட்டுக்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான், மறுநாள் இட்லிக்கு அரிசியே ஊறப்போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மதியமே போட்டிருக்க வேண்டும். மதியம் நாளைக்குக் கடை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இனி ஊறி, அரைத்து, பொங்கி வர நேரமாகும். விடியற்காலையில் வருகிறவர்கள் இட்லி ஏன் கல்லு மாதிரி இருக்கிறது என்று கேட்கத்தான் போகிறார்கள். கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அரிசிப் பானையை இறக்கி அளந்து போட்டேன்.